ஒரிஜினல் எடுக்கும் மிஷின்

முதன்முதலில் நான் பார்த்தபோது அவர் ஒரு கொத்து முருங்கைக்கீரையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். கீரையைக் கண்ணாடிமேல் பரப்பி, மூடியைச் சாத்தி, பொத்தானை அழுத்தினார். பச்சை வெளிச்சம் ஒருமுறை போய்வந்தது. வெளியே வந்த தாளில் காம்பு காம்பாக, இலை இலையாகக் கீரை கறுப்பில் விழுந்திருந்தது. அதைக் காற்றில் ஆட்டிச் சூடு தணித்தார். என் கையிலிருந்த டீயை வாங்கிக்கொண்டு, "புதுசா வந்தவனா நீ? குந்து. இந்தக் கீரைய உருவிக் குடு, சாம்பார்ல போடணும்" என்றார். படம் சுவருக்குப் போனது. கீரை சாம்பாருக்குப் போனது.

ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீசுக்கு எதிரில் இருந்தது அந்தக் கடை. பக்கத்து டீக்கடையில் நான் கிளாஸ் கழுவினேன். சங்கரன்கோவில் பக்கத்து ஆள் நான். எட்டாவதில் பெயிலானதும் கிளம்பியவன், எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்குமேல் நிலைத்ததில்லை. செங்கல் சூளை, லாரி ஷெட், கல் குவாரி எல்லாம் பார்த்தாகிவிட்டது. 1991 பொங்கல் கழித்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கினேன். ஒரகடம் பக்கம் கம்பெனி வருகிறது, ஆள் எடுக்கிறார்கள் என்று ரயிலில் யாரோ சொன்னார்கள். நடந்தே போய்ப் பார்த்தேன். ஏரியும் கருவேல முள்ளும்தான் இருந்தன. அப்படியே நடந்து இந்த ஊருக்கு வந்தேன். டீக்கடையில் சோறும் பெஞ்சும் கிடைத்தன.

அவரை எல்லோரும் ஜெராக்ஸக்கா என்பார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை, இங்கேயும் அது வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு. நகக்கண்ணில் எப்போதும் மிஷினின் கருப்புத்தூள் இருக்கும். நெற்றி வியர்வையைத் துடைத்தால் பொட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டு வந்துவிடும். தட்டிக்குப் பின்னால் ஒரு ஸ்டவ், ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி. அந்தக் கடையைத் தவிர அவருக்குப் போக வேறு இடம் கிடையாது. கணவர் வாலாஜாபாத்தில் இன்னொரு பெண்ணோடு குடித்தனம் செய்துகொண்டிருந்தார். அங்கே இரண்டு பிள்ளைகள், இங்கே ஒன்றும் இல்லை. யாராவது துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டால், "நம்மளுதுல பேப்பர் சிக்கிக்கிச்சி. அங்க போய் ரெண்டு காப்பி எடுத்துக்கினாரு" என்பார். கேட்டவர்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவிப்பார்.

மிஷின் மெட்ராஸில் ஏதோ ஒரு பேங்க் ஏலத்தில் தள்ளிவிட்டது. அதற்கு எருமை என்று பெயர் வைத்திருந்தார். மதியத்துக்குள் இரும்புச்சட்டிபோலக் காய்ந்துவிடும். மழைநாளில் தாள் நமுத்து உள்ளே சிக்கிக்கொள்ளும். அப்போது பக்கவாட்டுக் கதவைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு, கன்றை இழுப்பதுபோல இழுப்பார். கசங்கி வந்த தாளையும் எறியமாட்டார். பாதி விழுந்தது, சாய்ந்து விழுந்தது, கருத்துப்போனது எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் சேரும்.

கம்பெனி வரும், வேலை வரும் என்ற பேச்சு அப்போதே ஊரில் சூடாக இருந்தது. ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் மார்க் ஷீட்டைக் கத்தையாக நகல் எடுத்து, கேட் என்று ஒன்று இருக்கும் இடமெல்லாம் போய் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்தக் கத்தைகள் எடைக்குப் போய், எடைக்கடையிலிருந்து எங்கள் டீக்கடைக்கு வந்து, பஜ்ஜி மடிக்கும் தாளாகும். ஒரு பையன் தன் கணக்கு மார்க்கின்மேலேயே பஜ்ஜியை வைத்துத் தின்றதை நான் பார்த்தேன். தின்று முடித்த பிறகுதான் பெயரைப் படித்தான். ஜெராக்ஸக்கா அந்த எண்ணெய்த் தாளை அவனிடமிருந்து வாங்கி, கண்ணாடிமேல் வைத்து ஒரு நகல் எடுத்துச் சுவரில் ஒட்டினார். எண்ணெய்க் கறை நகலில் மேகம்போல விழுந்திருந்தது. "இப்பத்தான்டா உன் மார்க்கு நல்லா கீது" என்றார். பையன் சிரித்தான். பிறகு எழுந்து போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டான்.

வேலை இல்லாத நேரத்தில் கண்ணாடிமேல் எதையாவது வைத்துக்கொண்டே இருப்பார். வடை, பல்லி உரித்த தோல், அறுந்த செருப்பு, தன் கன்னம். டீக்கடை முதலாளியின் உள்ளங்கையை எடுத்துக் கொடுத்து, "ஒரிஜினல்ல ஆயுசு ரேகை நீட்டமா கீது, காப்பில பாதிதான் வந்துகீது. எத நம்புறது?" என்றார். முதலாளி அன்று முழுக்க அந்தக் கையை விரிக்கவே இல்லை.

அவருக்கு மிகவும் பிடித்த விளையாட்டு நகலை நகல் எடுப்பது. முதல் நகலைக் கண்ணாடிமேல் வைத்து இரண்டாவது, இரண்டாவதை வைத்து மூன்றாவது என்று போய்க்கொண்டே இருப்பார். "இது அப்பன். இது புள்ள. இது பேரன். பேரன் மூஞ்சில தாத்தன் கண்ணு இருக்கும், மூக்கு இருக்காது, பாத்துக்கினே வா" என்று வரிசையாக ஒட்டுவார். முதலில் மெல்லிய கோடுகள் போகும். பிறகு கன்னம் வெளுக்கும். கண்ணும் மீசையும் மட்டும் கறுத்துக்கொண்டே வரும். கடைசியில் தாளில் சில திட்டுகள் இருக்கும், அவ்வளவுதான். ஒரு பத்து ரூபாய் நோட்டை இப்படி எடுத்து ஒட்டியிருந்தார். அதிலிருந்த சிங்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பூனையாகி, பூனை பிறகு புள்ளியாகியிருந்தது. எதையும் அவரால் ஒன்றோடு விடமுடியாது. ஆனால் ஒன்றைப்போல இன்னொன்று வரும் என்று அவர் நம்பியதும் இல்லை.

எருமை வருவதற்கு முன்பு ஓடிய மிஷின் செத்துப்போய் வாசலில் கிடந்தது. இரும்புக்காரன் கேட்டும் கொடுக்கவில்லை. அதன் வயிற்றைக் காலி செய்து, கரும்பு ஜூஸ் வண்டியின் உருளை இரண்டு, சைக்கிள் செயின், ஒரு டார்ச் பல்பு, தையல் மிஷினின் மிதி எல்லாவற்றையும் உள்ளே பொருத்தினார். மாதக்கணக்கில் செய்தார். மிதித்தால் பல்பு எரிந்தபடி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய்வரும். சைக்கிள் மணி ஒன்று அடிக்கும். இடப்பக்கம் வைத்த தாளை உருளை உள்ளே இழுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, வலப்பக்கம் தள்ளிவிடும். வைத்த அதே தாள். வேறு ஒன்றும் நடக்காது.

"இது காப்பி எடுக்காது. ஒரிஜினல் எடுக்கும்" என்பார். தாலுகா ஆபீசிலிருந்து வெளியே வருகிறவர்களைக் கூப்பிட்டு, "குடுத்த பேப்பர் குடுத்த மாரியே திரும்பி வர்ற மிஷின், இந்தத் தாலுகாவுலயே இது ஒண்ணுதான். வா, போட்டுப் பாரு" என்பார். சிரிக்காதவர்கள் கிடையாது. ஒரகடம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி பட்டா மாற்றத்துக்காக வருஷக்கணக்கில் அந்த ஆபீசுக்கு நடந்துகொண்டிருந்தார். மனு கொடுப்பார், காணவில்லை என்பார்கள், மறுபடி எழுதிக் கொடுப்பார். அவர் ஒவ்வொரு முறையும் ஆபீசுக்குள் போவதற்கு முன்னால் மனுவை இந்த மிஷினில் விட்டு மிதிக்கச் சொல்லி, வலப்பக்கம் போய் நின்று, பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். பிறகு அந்த முகத்தில் விளையாட்டு இல்லை.

பல வருஷம் கழித்து மெட்ராஸில் ஒரு கண்காட்சிக் கூடத்தில் மரப்பெட்டிகள் இறக்கப் போனேன். வெள்ளைச் சுவரில் வரிசையாக ஒரு முகம், நகலின் நகலாகத் தேய்ந்துகொண்டே போனது. நடுவில் ஒரு பழைய மிஷின், உள்ளே என்னவோ சுற்றியது, மணி அடித்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். தொடக்கூடாது என்று ஒரு பையன் ஓடிவந்தான். இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்றேன். வெளிநாட்டிலா என்று கேட்டான். ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீஸ் எதிரில் என்றேன். அவன் சிரித்தான். அப்போது ஒரகடத்தில் நிஜமாகவே கம்பெனிகள் வந்துவிட்டிருந்தன. ஒன்றில் கான்டிராக்டில் கொஞ்ச நாள் இருந்தேன். லைனில் ஒன்றைப்போல ஒன்று வந்துகொண்டே இருக்கும், எதுவும் தேயாது. ஜெராக்ஸக்காவிடம் சொல்லவேண்டும் என்று தோன்றும். எங்கே போய்ச் சொல்வது?

நான் வந்த அந்த 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பொதுக்கூட்டத்தில் குண்டு வெடித்ததை உலகமே அறியும். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அந்தப் பக்கம் முகவரி இல்லாத ஆளாக இருப்பது எப்படி இருந்தது என்பது மட்டும் தெரியும். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், லாட்ஜில் சேர்க்கமாட்டார்கள், டீ குடிக்க நின்றால் எந்த ஊர் என்பார்கள்.

என் விஷயம் அதோடு சம்பந்தப்பட்டதில்லை. அது சின்னக் கேஸ். ஒரகடம் போகும் வழியில் ஒரு கொட்டகையில் செம்புக்கம்பி திருட வந்த ஒருவன், தடுத்த வாட்ச்மேனைக் கத்தியால் குத்திவிட்டு ஓடிவிட்டான். அங்கே அவன் முன்பு கூலிவேலை பார்த்திருந்ததால் ஒரு ஸ்டாம்பு அளவுப் படம் கிடைத்தது. எந்த போலீஸ் ஸ்டேஷன் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை, அந்தக் கட்டடமும் இப்போது இல்லை. அங்கிருந்து ஏட்டு ஒருவர் படத்தைப் பெரிதாக்கி ஒட்டிய அறிவிப்பை நகல் எடுக்க ஜெராக்ஸக்காவிடம் கொண்டுவந்தார். முதல் தடவை கொண்டுவந்ததே நகல்தான். எடுத்த நகல்கள் ஊர் ஊராக ஒட்டப்பட்டன. மழையில் கிழிந்தன. மறுபடி வேண்டும் என்று சுவரிலிருந்து ஒன்றை உரித்துக்கொண்டு வந்தார். அதற்கடுத்த முறை அதிலிருந்து எடுத்த ஒன்று. பசையும் சுண்ணாம்பும் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, ஒரிஜினலைக் கொண்டுவரச் சொன்னார் அக்கா. ஒரிஜினல் காஞ்சிபுரத்தில் ஃபைலில் இருக்கிறது, அதை எடுக்க மேலிடத்துக்கு எழுதவேண்டும், உள்ளதை எடு என்றார் ஏட்டு.

"ஏட்டையா, இது கொள்ளுப்பேரன். இத வெச்சுக்கினு தாத்தன எப்படிப் புடிப்பீங்க?"

"மீசை தெரியுதில்ல, எடு" என்றார் அவர்.

அக்கா எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு சுவரில் வரிசையாக ஒட்டினார். கடைசி அறிவிப்பில் இரண்டு கண், ஒரு மீசை, நெற்றியில் விழுந்த முடி. மூக்கு இல்லை. டீக்கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து, இவனை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்றார்கள்.

ஒருநாள் காலை கூட்டத்தில் நான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தபோது ஏட்டு அந்தத் தாளை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். எந்த ஊர் என்றார். சொன்னேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்றார். யாரும் இல்லை என்றேன். ரேஷன் கார்டு, லைசன்ஸ், ஏதாவது? இல்லை என்றேன். முதலாளியிடம் கேட்டார். பொங்கலுக்குப் பிறகு வந்தான், அதற்குமுன் தெரியாது என்றார் அவர். அது உண்மைதான். கையைத் துடைத்துக்கொள்ள விட்டு, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

அடித்தார்களா என்று இதைக் கேட்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அடித்தார்கள். எல்லா இடத்திலும் அடிப்பதுபோலத்தான். கம்பி எங்கே என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்தால் சொல்லியிருப்பேன்.

எனக்காக வருவதற்கு யாரும் இல்லை. ஜெராக்ஸக்கா வந்தார். கடை இருந்த கட்டடத்தின் முதலாளி அவரைத் தடுத்திருக்கிறார். எவனோ தெற்கத்தியான், அவனுக்காக நீ போய் நின்றால் கடைக்கு ஆபத்து, அப்புறம் என்னைக் கேட்காதே என்று சொல்லியிருக்கிறார். டீக்கடை முதலாளி பின்னால் சொன்னது இது. அக்கா கடையைப் பாதி மூடி, அன்று பகல் முழுக்க எருமையை ஓட்டியிருக்கிறார்.

மறுநாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஒரு கத்தைத் தாளோடு ஸ்டேஷனுக்கு வந்தார். லாக்கப் கம்பிக்கு நேர் எதிரில்தான் எஸ்.ஐ.யின் மேஜை. அதனால் எல்லாவற்றையும் நான் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. கேட்காமலே தாள்களை மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். மேஜை முடிந்ததும் பெஞ்சில் வைத்தார். பெஞ்சு முடிந்ததும் குனிந்து தரையில் வைத்துக்கொண்டே வந்தார். கடைசித் தாள் கம்பியைத் தொட்டபடி, என் காலடியில் நின்றது. அதற்குப் பக்கத்தில் ஸ்டேஷன் அறிவிப்பு ஒன்றையும் வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒரே ஆள்.

பிறகு நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிவிட்டு, மேஜைக்குப் போனார்.

"சார், இது யாரு?"

எஸ்.ஐ. குனிந்து பார்த்தார். "நான்."

"இது?"

"நான்தான். கருத்துப் போயிருக்கேன்."

ஏட்டு சிரித்தார். அக்கா பெஞ்சுக்கு வந்து ஒரு தாளைக் காட்டினார். எஸ்.ஐ. கண்ணைச் சுருக்கினார். ஏட்டுதான் எட்டிப் பார்த்து, "சார் மாரியும் கீது, எங்க மச்சான் மாரியும் கீது" என்றார். அக்கா வரிசையோடு நடந்து கம்பிக்கு வந்தார். கடைசித் தாளைக் கையில் எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"இதுவும் நீங்கதான் சார். நேத்து எடுத்தது. நீங்க வாட்ச்மேன குத்தல. இவனும் குத்தல. இந்தப் பேப்பர்ல யாருமே இல்ல சார். காப்பிய காப்பி எடுத்து, அத்த காப்பி எடுத்து, நானும் ஏட்டையாவும் சேந்து ஆளத் தேச்சுட்டோம்."

விட்டுவிடுவார்கள் என்றே நினைத்தேன். அக்காவின் முகத்திலும் அந்த நினைப்பு இருந்தது. தான் விளையாடியது ஒருமுறை ஒரு ஆளுக்கு உதவப்போகிறது என்ற நினைப்பு.

எஸ்.ஐ. எழுந்து தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மேஜையில் தட்டி ஓரம் சேர்த்தார். "என் போட்டோ உன்கிட்ட எப்படி வந்துச்சு?" என்றார்.

வீட்டுக் கடனுக்கு அவர் நகல் எடுக்க வந்ததையும், தாள் சிக்கிக் கெட்டுப்போன ஒன்று பெட்டியில் கிடந்ததையும் அக்கா சொன்னார். இதுபோல வேறு யார் யாருடையது வைத்திருக்கிறாய் என்று கேட்டார் அவர். எல்லாருடையதும் இருக்கிறது என்றார் அக்கா. உண்மையைச் சொன்னார். அதற்குப் பிறகு அக்கா சொன்ன எந்தப் பதிலும் அவருக்கு உதவவில்லை. என்னைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுபோனது.

மறுநாள் கடையில் இருந்த எல்லாம் ஜீப்பிலும் மாட்டுவண்டியிலும் ஸ்டேஷனில் வந்து இறங்கின. தாசில்தார் கையெழுத்து மூன்று தலைமுறை, ரேஷன் கார்டு, ஊர்க்காரர்கள் முகங்கள், பூனையாகிப்போன பத்து ரூபாய். எருமையை நான்கு பேர் தூக்கி வராந்தாவில் வைத்தார்கள். பக்கத்தில் அந்த இன்னொரு மிஷின். அது என்ன என்று யாருக்கும் விளங்கவில்லை. ஏட்டு சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்து இடப்பக்கம் வைத்து மிதித்தார். பல்பு ஓடியது. மணி அடித்தது. வலப்பக்கம் பத்து ரூபாய் வந்தது.

"சார், கலர்ல வருது சார்" என்றார்.

எஸ்.ஐ. வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"அது அவரு போட்ட நோட்டுதான் சார்" என்றார் அக்கா.

"அப்ப காப்பி எங்க?"

"காப்பி இல்ல சார். சும்மா செஞ்சது. போட்டது அப்படியே வரும்."

எஸ்.ஐ. எழுதுகிறவரைப் பார்த்து, கள்ள நோட்டு எடுக்க முயற்சி செய்யும் இயந்திரம் ஒன்று என்று எழுதச் சொன்னார். நம்பித்தான் சொன்னாரா, தன் முகம் தரையில் தேய்ந்து கிடந்ததற்காகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏட்டு சிரித்தார். எழுதியவர் சிரிக்கவில்லை.

என்னை விட்டது வேறு காரணத்துக்காக. வாட்ச்மேன் ஆஸ்பத்திரியிலிருந்து தேறிவந்து கம்பி வழியாகப் பார்த்துவிட்டு, "அவன் நெட்டையா இருந்தான்பா. இவன் இன்னா, இத்தனூண்டு கீறான்" என்றார். அவ்வளவுதான். மாலையில் போ என்றார்கள். மேஜைமேல் எஸ்.ஐ.யின் முகக் கத்தை அப்படியே இருந்தது. மேலே ஒரு டீ கிளாஸ் வைத்திருந்தார்கள்.

ஜெராக்ஸக்காவைக் காஞ்சிபுரம் கொண்டுபோனார்கள். அதுவரை ஒட்டுறவு இல்லாத தங்கை புருஷன் வந்து ஜாமீன் எடுத்தார். கடையைக் கட்டட முதலாளி ஒரு இளைஞனுக்கு விட்டிருந்தார். அவனிடம் புது மிஷின், தாள் சிக்காது, சுவரில் சாமி படம் மட்டும். அக்கா, தங்கையின் வீட்டுப் பின்கட்டில் இருந்துகொண்டு வாலாஜாபாத் மார்க்கெட்டில் கீரை விற்றார். கணவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அந்தப் பிள்ளைகளும் கீரை வாங்க வருவார்களாம். "நல்லா வந்துகீது ரெண்டும். அவரு மாரி இல்ல" என்றார் ஒருமுறை.

கேஸ் முடியவில்லை. வாய்தா வாய்தாவாகப் போனது. அந்தப் பக்கம் இருக்கும்போதெல்லாம் நான் கூடப் போவேன். வக்கீல் ஒவ்வொரு முறையும் எதையாவது நகல் எடுத்துவரச் சொல்வார். அக்கா எதிர்க்கடையில் வரிசையில் நின்று எடுப்பார். வந்த தாளை ஒரு கணம் தூக்கிப் பார்ப்பார்.

கடைசியாகப் பார்த்தது கோர்ட் தாழ்வாரத்தில். சாமான் வைக்கும் அறை நிரம்பிவிட்டதால் ஒரிஜினல் எடுக்கும் மிஷினை வெளியே தள்ளியிருந்தார்கள். எருமை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இதன்மேல் யாரோ சாப்பாட்டுத் தூக்கு வைத்திருந்தார்கள். பக்கவாட்டுக் கதவில் அரக்கு முத்திரை. உருளையில் துரு. அன்றைக்கும் கேஸ் கூப்பிட்டு, தள்ளிவைத்து, அடுத்த தேதி எழுதிய சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அக்கா அதைப் படித்துப் பார்க்கவில்லை. மிஷினுக்கு முன்னால் நின்றார். தூக்கை எடுத்துக் கீழே வைத்தார். சீட்டை இடப்பக்கம் வைத்து, "நீ மிதி" என்றார்.

மிதித்தேன். பல்பு எரியவில்லை. மணி அடிக்கவில்லை. உருளை முனகிக்கொண்டு சுற்றியது. சீட்டு மெல்ல உள்ளே போனது. அக்கா வலப்பக்கம் போய், அந்த விவசாயி நிற்பதுபோல, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஏந்திய கையில் துரு கொஞ்சம் உதிர்ந்தது, சீட்டு வரவில்லை.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "வுடு. இதுவும் முழுங்கக் கத்துக்கிச்சு" என்றார்.

அடுத்த தேதி அந்தச் சீட்டில்தான் இருந்தது. முத்திரை வைத்த கதவை நாங்கள் தொடக்கூடாது. உள்ளே போய்த் தேதியைக் கேட்டேன். குமாஸ்தா நிமிராமல், சீட்டு எங்கே என்றார்.